செயின் சோவால் பலகை அரிய: முதல் வெட்டுக்கு வழிச்சட்டம் பூட்டும் முறை

கொழும்பில் ஒரு வீட்டு வளவுக்குள் நிற்கும் மாமரமோ மகோகனியோ காற்றுக்கு விழுந்தால், அது பெரும்பாலும் விறகாகத்தான் முடிகிறது. ஒற்றைக் குற்றியை மொறட்டுவைக்குக் கொண்டுபோய் மரக்காலையில் அரிந்தெடுக்க லொறிக் கூலி கட்டுப்படியாகாது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து ஒழுங்கைகள் பலவற்றில் லொறி திரும்பக்கூட இடமில்லை. ஒரு தலைமுறைக் காலம் வளர்ந்த மரத்தைத் துண்டு துண்டாக வெட்டி பேக்கரி அடுப்புக்கு அனுப்புவதைப் பார்க்க மனம் கேட்பதில்லை. ஒரு செயின் சோவும், அதன் பாரில் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டில்) பூட்டும் அலஸ்கன் மில் என்ற சட்டகமும் இருந்தால், மரம் விழுந்த இடத்திலேயே பலகை எடுத்துவிடலாம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை சிசி, எவ்வளவு நீளமான பார், என்ன செயின்? அவையும் முக்கியம்தான். ஆனால் பலகை நேராக வருமா, முறுகி வருமா என்பது முதல் வெட்டிலேயே முடிவாகிவிடும். அந்த முதல் வெட்டின் தலைவிதி, அதற்கு முன்னர் குற்றியின் முதுகில் நீங்கள் பூட்டும் வழிச்சட்டங்களின் கையில் இருக்கிறது.

காரணம் எளியது. அலஸ்கன் மில் தனக்குக் கீழே உள்ள தட்டையான பரப்பில் வழுக்கிக்கொண்டு, அந்தப் பரப்புக்குச் சமாந்தரமாகக் கீழே வெட்டிக்கொண்டு போகும். உருண்டைக் குற்றியில் வழுக்கத் தட்டை ஏது? அதனால் முதல் வெட்டுக்கு மட்டும் நாமே மேலே ஒரு தட்டையைச் செய்து கொடுக்கிறோம். இரண்டாவது வெட்டு முதல் வெட்டின் பரப்பில் ஓடும், மூன்றாவது இரண்டாவதன் பரப்பில் ஓடும். சட்டத்தில் கால் அங்குல முறுக்கு இருந்தால், அந்தக் கால் அங்குலம் கடைசிப் பலகைவரை அப்படியே இறங்கும். பிறகு சீவுளி போட்டு நேராக்கப் பார்த்தால் 1½ அங்குலப் பலகை 1 அங்குலமாக மெலிந்துவிடும். ஆகவே சட்டம் பூட்ட அரை நாள் போனாலும் போகட்டும். அரிவதற்கு அதைவிடக் குறைந்த நேரம்தான் எடுக்கும்.

முதலில் அனுமதி

இதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவை சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போகும் வேலை இது. தேக்கு, மகோகனி, பலா போன்றவற்றை வீதியால் ஏற்றிப்போகவும் தனி அனுமதி தேவை. வீதியோர மரம் விழுந்து கிடந்தாலும் அது பொதுச்சொத்து, கை வைக்காதீர்கள். செயின் சோவும் பதிவு செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். வாடகைக்கு எடுப்பதானால் பதிவுப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீடுகளுக்கும் முதல் நாளே சொல்லி வையுங்கள். இந்த இயந்திரத்தின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் வேறு நாள் பார்ப்பதுதான் மரியாதை.

கைக்கு வேண்டியவை

இயந்திரம் 70 சிசிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஸ்டீல் (Stihl) கம்பனியின் எம்எஸ் 381 போன்ற 72 சிசி இயந்திரம் 24 அங்குலப் பாரைத் தாராளமாக இழுக்கும். மலிவாகக் கிடைக்கும் 58 சிசி இயந்திரங்களால் ஒடுங்கிய குற்றியை மட்டும் மெதுவாக அரியலாம். அகன்ற குற்றியில் விட்டால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். மில்லைப் பூட்டினால் பாரின் நீளத்தில் 4 முதல் 6 அங்குலம் கிளாம்புகளுக்கே போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 24 அங்குலப் பாரால் 18 அங்குலக் குற்றி அரிவதே கிட்டத்தட்ட எல்லை.

செயின், நெடுக்கு அரிவதற்கானதாக இருக்கவேண்டும். மரம் அறுத்து விழுத்தும் சாதாரண செயினின் பல் 30 பாகைச் சரிவில் அராவப்பட்டிருக்கும். நெடுக்கு அரியும் செயினுக்கு 10 பாகை. தனியாக வாங்கக் கிடைக்காவிட்டால், பழைய செயினையே உருண்டை அரத்தால் அந்தச் சரிவுக்கு அராவிக்கொள்ளலாம்.

மற்றவை எல்லாம் பழைய சோனகத் தெருவிலும் ஆமர் வீதிப் பக்கத்திலும் உள்ள ஹாட்வெயார் கடைகளில் ஒரே நடையில் வாங்கக்கூடியவை: அலுமினியப் பொக்ஸ் பார் (உள்ளே கூடான சதுரக் குழாய்), 2க்கு 3 அங்குல மரக்கட்டை, ஸ்க்ரூ ஆணி, தங்கூசி (நைலோன் நூல்), மூலைமட்டம், அளவு நாடா. ஆப்புகளை மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ எடுங்கள். இரும்பு ஆப்பு இந்த வேலைக்குள் வரவே கூடாது.

காதுக் கவசம், கண்ணாடி, தூசி முகமூடி, கனத்த சப்பாத்து, காலுக்கு வெட்டுத் தடுக்கும் உறை ஆகியவை இல்லாமல் இயந்திரத்தை இழுத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். மில் வேலையில் குனிந்தபடி, புகைப்போக்கிக்குப் பக்கத்திலேயே பல நிமிடங்கள் நிற்கவேண்டும். நுண்ணிய தூளும் பெற்றோல் புகையும் நேரே மூக்குக்குத்தான் வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை உங்களைவிட்டு விலகிப்போகும்படி குற்றியைத் திருப்பி வைக்க முடிந்தால் வையுங்கள்.

எந்தச் சட்டம் நல்லது

மூன்று வழி உண்டு. அலுமினிய ஏணியைப் படுக்க வைத்துப் பாவிக்கலாம், நேரான பலகையைப் பாவிக்கலாம், இரண்டு பொக்ஸ் பார்களைக் குறுக்குக்கட்டைகளில் பூட்டியும் பாவிக்கலாம்.

ஏணி உடனே கைக்குக் கிடைக்கும். ஆனால் பலரும் ஏறி இறங்கிய ஏணி எங்கேயாவது சற்று வளைந்திருக்கும், படிகளின் பொருத்தும் ஆடும். பலகை மலிவு. ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில், தென்மேல் பருவ மழைக்காலத்தில், இன்றைக்கு நேராக இருந்த பலகை அடுத்த கிழமை வளைந்து நிற்கும். என் விருப்பம் பொக்ஸ் பார்தான். 2 அங்குல உயரமும் தடித்த சுவரும் உள்ளதாகப் பார்த்து, ஒரே நீளத்தில் இரண்டை வாங்குங்கள். ஒரு தடவை வாங்கினால் வருடக்கணக்கில் கிடக்கும்.

நீளம் முக்கியம். குற்றியின் இரண்டு பக்கமும் குறைந்தது ஓர் அடியாவது சட்டம் வெளியே நீண்டிருக்கவேண்டும். செயின் மரத்தைத் தொடும் முன்னரே மில் முழுவதும் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கவேண்டும், மரத்தைவிட்டு வெளியேறிய பிறகும் அப்படித்தான். இல்லாவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் இயந்திரத்தின் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, பலகையின் இரண்டு நுனியிலும் பள்ளம் விழும். 7 அடிக் குற்றிக்கு 10 அடிச் சட்டம் எடுத்தால் கவலையில்லை.

அகலத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு சட்டங்களின் வெளி விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம், மில்லின் இரண்டு செங்குத்துக் கால்களுக்கு நடுவே இடறாமல் போகவேண்டும். 24 அங்குல மில்லுக்குச் சட்டங்களை 10 அங்குலம் இடைவிட்டு வைத்தால் போதும்.

கடையில் வாங்கும்போதே நேரா என்று பாருங்கள். கண்ணை மட்டும் நம்பவேண்டாம். சட்டத்தின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு பத்து ரூபாய் நாணயக்குற்றியை வைத்து, அவற்றின் மேலாகத் தங்கூசியை விண்ணென்று இழுத்துக் கட்டுங்கள். மூன்றாவது பத்து ரூபாய்க் குற்றியைத் தங்கூசிக்கு அடியால் நுனியிலிருந்து நுனிவரை தள்ளிக்கொண்டு போங்கள். எங்கும் தங்கூசியைத் தூக்காமல், எங்கும் இடைவெளி தெரியாமல், தொட்டும் தொடாமலும் போனால் அந்தப் பக்கம் நேர். நடுவில் தூக்கினால் மேடு, இடைவெளி விட்டால் பள்ளம். கடைக்காரர் விசித்திரமாகப் பார்க்கலாம், பார்க்கட்டும்.

குற்றியை இருத்துதல்

குற்றியை நிலத்தில் அப்படியே கிடத்தி அரிய வேண்டாம். இரண்டு கட்டைகளின் மேல் அரை அடியாவது உயர்த்தி, இரு பக்கமும் ஆப்பு வைத்து அசையாமல் இறுக்குங்கள். வெட்டு போகும் திசையில் சற்றுப் பள்ளமாக இருந்தால் இயந்திரத்தின் பாரமே உங்களுக்கு உதவி செய்யும், முதுகு தப்பும்.

குற்றி வில் போல வளைந்திருந்தால் கூனல் மேலே வரும்படி திருப்புங்கள். கூனல் பக்கவாட்டில் கிடந்தால் பலகைகள் எல்லாம் வாழைப்பழம் போல வளைந்த விளிம்போடுதான் வரும்.

பிறகு பட்டை. மேற்கு மாகாணத்துச் சிவந்த கபொக் மண் பட்டையில் ஒட்டியிருந்தால் செயினின் கூர் சில அடிகளிலேயே போய்விடும். வெட்டுப் போகும் கோட்டின் இரு பக்கமும் பட்டையை உரித்து, தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வீட்டு வளவு மரம் என்றால் உள்ளே ஆணி இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கொடி கட்டிய கொளுக்கி, வேலிக் கம்பி, ஆராவது அடித்த விளம்பரத் தகடு, எல்லாவற்றையும் மரம் விழுங்கி வைத்திருக்கும். குற்றியின் முகப்பில் நீலமும் கறுப்பும் கலந்த ஒரு கீற்று தெரிந்தால், அதே நேருக்கு உள்ளே எங்கேயோ இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தோண்டி எடுங்கள், முடியாவிட்டால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

குறுக்குக்கட்டை வைத்தல்

கணக்குப் புரிவதற்காக ஒரு குற்றியை எடுத்துக்கொள்வோம். நீளம் 7 அடி. அடிப்பக்கத்தின் விட்டம் 17 அங்குலம், நுனிப்பக்கத்தின் விட்டம் 15 அங்குலம்.

2க்கு 3 கட்டையில் மூன்று துண்டு வெட்டுங்கள். அவை சட்டங்களின் வெளி அகலத்தைவிட நீளமாக இருக்கக்கூடாது. நீண்டால் மில்லின் கால் அதில் முட்டும். குற்றியின் இரண்டு நுனியிலிருந்தும் அரை அடி உள்ளே ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. அவை இருக்கப்போகும் இடத்தில் பட்டையை முழுவதும் எடுத்து, வாச்சியால் ஒரு கையகலத்துக்கு லேசாகச் செதுக்கித் தட்டையாக்குங்கள். உருண்டை முதுகில் கட்டை ஆடும், செதுக்கிய இடத்தில் உட்காரும்.

இப்போது குற்றியின் இரண்டு முகப்பிலும் வளையங்களின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியிலிருந்து செதுக்கிய இடம்வரை அளந்தால், நம்முடைய குற்றியில் அடிப்பக்கம் 8½ அங்குலம், நுனிப்பக்கம் 7½ அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தை அப்படியே வைத்தால் அது நுனிப்பக்கம் சரிந்து கிடக்கும். வெட்டு, மரத்தின் நடுவுக்குச் சமாந்தரமாக ஓடாது. தளபாடத்துக்குப் பலகை எடுப்பவர்கள் நடுவுக்குச் சமாந்தரமாகவே அரியவேண்டும், அப்போதுதான் நார் பலகையின் நெடுக்கே ஓடும். ஆகவே நுனிப்பக்கக் கட்டைக்கு அடியில் 1 அங்குலப் பலகைத் துண்டு ஒன்றை வைத்து உயர்த்துகிறோம். இப்போது 2 அங்குலக் கட்டையும் 2 அங்குலச் சட்டமும் சேர்ந்து, சட்டத்தின் மேற்பரப்பு இரண்டு பக்கமும் நடுப்புள்ளியிலிருந்து 12½ அங்குல உயரத்தில் நிற்கும்.

நீர்மட்டம் வைத்துச் சட்டத்தைத் தரைக்கு மட்டமாக்கத் தேவையில்லை. புதியவர்கள் இதில்தான் நேரத்தை வீணாக்குகிறார்கள். குற்றி சரிவில் கிடந்தால் சட்டமும் அதோடு சரிந்தே கிடக்கட்டும். இரண்டு சட்டங்களும் ஒன்றுக்கொன்று ஒரே தளத்தில் இருந்தால் போதும்.

முறுக்கெடுத்தல்

இதுதான் இந்த வேலையின் உயிர்.

அடிப்பக்கக் கட்டையை முதலில் இரண்டு ஸ்க்ரூவால் இறுக்கமாகப் பூட்டிவிடுங்கள். இனி அதைத் தொடவேண்டாம், எல்லாம் அதை வைத்துத்தான். நுனிப்பக்கக் கட்டையை ஒரு ஸ்க்ரூவால் மட்டும், சற்றுத் தளர்வாகப் பிடித்துவையுங்கள். நடுக்கட்டை இப்போதைக்கு வேண்டாம். சட்டங்கள் இரண்டையும் மேலே வைத்து, கட்டைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி ஸ்க்ரூ ஏற்றிச் சட்டத்தின் அடிச்சுவரில் பிடியுங்கள். மேலிருந்து ஏற்றினால் ஸ்க்ரூத் தலை மில்லின் அடியில் இடறும். கட்டைகள் முதுகில் உட்கார்ந்த பிறகு கை நுழையாவிட்டால், சட்டங்களை முன்கூட்டியே தரையில் வைத்துக் கட்டைகளோடு பூட்டி, ஏணி மாதிரி முழுதாகத் தூக்கிவைக்கலாம். கட்டைகளின் நடுப்பகுதி திறந்தே இருக்கும் என்பதால், குற்றிக்குள் போகும் ஸ்க்ரூவை அங்கே மேலிருந்து ஏற்றலாம். தரையில் சரியாக இருந்தது குற்றியில் ஏறியதும் முறுகும், ஆகவே எந்த வழியில் செய்தாலும் மேலே வைத்த பிறகுதான் சோதனை.

சோதனைக்கு 30 அங்குல நீளத்தில், ஒரே அகலத்தில், விளிம்பு நேராகச் சீவிய இரண்டு கோல்கள் வேண்டும். ஒன்றுக்கு வெள்ளைப் பெயின்ட், மற்றதுக்குக் கறுப்பு. கறுப்புக் கோலை அடிப்பக்கத்தில் சட்டங்களுக்குக் குறுக்கே விளிம்பில் நிறுத்துங்கள், வெள்ளையை நுனிப்பக்கத்தில் அதேபோல நிறுத்துங்கள். அடிப்பக்கத்தில் நாலைந்து அடி தள்ளிக் குந்தி, ஒரு கண்ணை மூடி, கறுப்புக் கோலின் மேல்விளிம்புக்கு மேலாக வெள்ளைக் கோலைப் பாருங்கள். தலையை மெதுவாகத் தாழ்த்தினால் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்புக்குப் பின்னால் மறையும். கடைசியில் நூல் அளவு வெள்ளைக் கீற்று மட்டும் மிஞ்சும்.

அந்தக் கீற்று இடமிருந்து வலம் ஒரே தடிப்பாக இருந்தால் முறுக்கு இல்லை. இடப்பக்கம் தடித்து வலப்பக்கம் மெலிந்து ஆப்பு வடிவில் தெரிந்தால், நுனிப்பக்கத்தின் இடச்சட்டம் உயர்ந்திருக்கிறது, அல்லது வலச்சட்டம் தாழ்ந்திருக்கிறது. சட்டங்களின் இடைவெளி 10 அங்குலம், கோல் 30 அங்குலம் என்பதால், இருக்கிற முறுக்கு மூன்று மடங்காகப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும். கோலை நீளமாக எடுப்பது அதற்காகத்தான்.

தாழ்ந்த பக்கத்தில், கட்டைக்கு அடியில் மெல்லிய போமிக்காத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். காட்போட் மட்டை வேண்டாம், அது நசுங்கும். திரும்பப் பாருங்கள். சரியென்றால் இரண்டாவது ஸ்க்ரூவையும் ஏற்றி, இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கி முடித்ததும் கட்டாயம் இன்னொரு தடவை பாருங்கள், ஸ்க்ரூ இறுகும்போது கட்டையை ஒரு பக்கம் இழுத்துவிடும். அனுபவமுள்ள மர பாஸ்மார் இந்த இடத்தில் அவசரப்படுவதே இல்லை. "தம்பி, நான் பார்த்தது இருக்கட்டும், நீங்களும் ஒருக்காக் குந்திப் பாருங்க" என்று பக்கத்தில் நிற்பவரையும் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரின் கண்ணுக்கும் கீற்று ஒரே தடிப்பாகத் தெரியவேண்டும்.

கடைசியாக நடுக்கட்டை. இயந்திரமும் மில்லும் நடுவில் வரும்போது சட்டம் தொய்யாமல் தாங்குவதுதான் அதன் வேலை. சட்டத்துக்கும் குற்றிக்கும் இடையே என்ன இடைவெளி இருக்கிறதோ, அதைச் சரியாக நிரப்புங்கள். கூனல் மேலே இருக்கும் குற்றியில் அங்கே இடம் குறைவாக இருக்கும், வாச்சியால் செதுக்கி இடம் எடுங்கள். கட்டையைத் திணித்துச் சட்டத்தைத் தூக்கிவிடாதீர்கள், ஸ்க்ரூவால் கீழே இழுக்கவும் வேண்டாம். பத்து ரூபாய்க் குற்றியையும் தங்கூசியையும் எடுத்து ஒவ்வொரு சட்டத்தையும் இன்னொரு தடவை பாருங்கள்.

ஆழமும் ஸ்க்ரூ நீளமும்

முதல் வெட்டை நடுப்புள்ளிக்கு மேலே 6 அங்குலத்தில் போடுவோம். சட்டத்தின் மேற்பரப்பு 12½ அங்குலத்தில் இருக்கிறது, ஆகவே மில்லை 6½ அங்குல ஆழத்துக்கு வைக்கவேண்டும். அப்படி வெட்டினால் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய 12 அங்குல அகலமும் நுனிப்பக்கத்தில் 9 அங்குல அகலமும் உள்ள தட்டை கிடைக்கும். மில் வசதியாக உட்கார அது போதும்.

அடுத்தது ஸ்க்ரூ. இங்கே கவனம் பிசகினால் செயினும் போகும், கண்ணும் போகலாம். வெட்டிப் போகும் மேல்துண்டின் தடிப்பு அடிப்பக்கத்தில் 2½ அங்குலம், நுனிப்பக்கத்தில் 1½ அங்குலம் மட்டுமே. ஸ்க்ரூவின் நுனிக்கும் செயினுக்கும் இடையே அரை அங்குலமாவது விடவேண்டும் என்பது என் கணக்கு. அப்படியானால் நுனிப்பக்கத்தில் ஸ்க்ரூ மரத்துக்குள் 1 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அங்கே கட்டை 2 அங்குலம், உயர்த்திய துண்டு 1 அங்குலம், மரத்துக்குள் 1 அங்குலம், ஆக 4 அங்குல ஸ்க்ரூ. அடிப்பக்கத்தில் உயர்த்திய துண்டு இல்லை என்பதால் 3½ அங்குல ஸ்க்ரூவே போதும். இதை எப்போதும் மெலிந்த பக்கத்தில்தான் கணக்குப் பார்க்கவேண்டும். தடித்த பக்கத்தில் பார்த்துவிட்டு ஒரே அளவை எல்லா இடத்திலும் ஏற்றினால், செயின் இரும்பில் மோதுவது நுனிப்பக்கத்தில்தான். பித்தளை ஸ்க்ரூ கிடைத்தால் இன்னும் நல்லது, தவறிப் பட்டாலும் செயினுக்கு அவ்வளவு சேதம் வராது. ஆனால் பித்தளை மென்மையானது, முதலில் துளை போட்டுவிட்டுத்தான் ஏற்றவேண்டும்.

மில்லின் ஆழத்தை இரண்டு காலிலும் தனித்தனியாக அளந்து வையுங்கள். சட்டகத்தின் அடியிலிருந்து பார்வரை அளக்காமல், செயின் பல்லின் மேல் நுனிவரை அளக்கவேண்டும், பல் பாரைவிட மேலே எழும்பி நிற்கும். ஒரு காலில் 6½ அங்குலமும் மற்றதில் 6⅜ அங்குலமும் இருந்தால் பலகை ஒரு பக்கம் தடித்துத்தான் வரும்.

இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யாமல் மில்லைச் சட்டத்தில் வைத்து, ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை தள்ளிப் பாருங்கள். இந்த ஓட்டம் இல்லாமல் யாரும் வெட்டத் தொடங்கக்கூடாது. மில்லின் கால் எங்காவது கட்டையில் முட்டுகிறதா, இயந்திரத்தின் உடல் பக்கத்துக் கணுவில் இடிக்கிறதா, முகப்பில் நீங்கள் கீறிய 6 அங்குலக் கோட்டில் செயின் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சட்டத்தின் மேற்பரப்பில் ஒரு மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் மில் வழுக்கிக்கொண்டு போகும்.

முதல் வெட்டு

தாங்கி முழுவதும் பெற்றோலும் செயின் ஓயிலும் நிரப்புங்கள், நடுவழியில் நிறுத்தினால் அந்த இடத்தில் தழும்பு விழும். மரத்தைத் தொடும் முன்னரே முழு வேகத்துக்குக் கொண்டுவந்து, மறுபக்கம் வெளியே வரும்வரை அதே வேகத்தில் வைத்திருங்கள். பலத்தால் தள்ளவேண்டாம். செயின் கூராக இருந்தால் லேசான அழுத்தம் போதும். வெளியே வருவது பவுடர் மாதிரித் தூளாக இருந்தால் செயின் மழுங்கிவிட்டது, நிறுத்தி அராவுங்கள்.

ஒன்றிரண்டு அடி போனதும், பின்னால் நிற்கும் உதவியாளர் வெட்டுக்குள் இரு பக்கமும் ஆப்பைச் செருகவேண்டும், பிறகு இரண்டு அடிக்கு ஒன்று. ஆப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றவே கூடாது. சட்டங்கள் பூட்டியிருப்பது வெட்டுப்பட்டுப் பிரிந்துகொண்டிருக்கும் மேல்துண்டில்தான். ஆப்பை இறுக்கினால் அந்தத் துண்டு எழும்பும், அதோடு சட்டமும் எழும்பும். காலையிலிருந்து கீற்றுப் பார்த்து எடுத்த முறுக்கு அந்த ஒரு அடியில் திரும்பி வந்துவிடும். விரலால் தள்ளி, வெட்டு மூடாமல் தாங்கினால் போதும். கடைசி ஓர் அடி மிச்சமிருக்கும்போது இரு பக்கமும் ஆப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு மேல்துண்டு ஆப்புகளின் மேல்தான் நிற்கும்.

வெட்டு முடிந்ததும் இயந்திரத்தை உடனே நிறுத்தாமல், மெதுவான ஓட்டத்தில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். அதற்குள் சட்டத்தைக் கழற்ற அவசரப்படவேண்டாம். வெட்டிய பரப்பில் கோல்களை வைத்து மறுபடியும் கீற்றைப் பாருங்கள். சட்டத்தில் தெரிந்ததுபோலவே தெரிந்தால் வேலை சரி.

அடுத்த பலகைகள்

இனிச் சட்டம் இல்லாமலும் அரியலாம். ஆனால் பழகும்வரை, பொக்ஸ் பார்கள் இரண்டையும் குறுக்குக்கட்டை இல்லாமல் அந்தத் தட்டைப் பரப்பில் நேராகப் படுக்கவைத்து, இரண்டு நுனியும் வெளியே நீளும்படி பிடித்துக்கொண்டு அரியுங்கள், நுனிப் பள்ளம் விழாது. அப்போது சட்டத்தின் 2 அங்குலத்தையும் ஆழத்தில் கூட்டவேண்டும். காய்ந்து சீவிய பிறகு 1 அங்குலம் வேண்டுமென்றால் 1¼ அங்குலமாக அரியுங்கள். அதோடு சட்டமும் சேர்ந்து 3¼. ஒவ்வொரு வெட்டிலும் 8 முதல் 10 மில்லிமீற்றர் மரம் தூளாகப் போகும் என்பதையும் மறந்துவிடாமல், குற்றியின் முகப்பில் எல்லாப் பலகைகளையும் முதலே கோடு கீறிப் பார்த்துக்கொள்வது நல்லது.

நான்கைந்து பலகை போனதும் கோல்களை எடுத்துப் பரப்பைத் திரும்பப் பாருங்கள். வளரும்போது மரத்துக்குள் தேங்கிய இழுவை, பலகைகள் கழன்றதும் விடுபட்டு, மிச்சக் குற்றியை மெல்ல வளைத்துவிடும். காற்றுக்குச் சாய்ந்தே வளர்ந்த மரத்தில் இது கூட. கோலிலோ தங்கூசியிலோ வித்தியாசம் தெரிந்தால் சட்டத்தைக் குறுக்குக்கட்டைகளோடு மறுபடியும் பூட்டி, புதிதாக ஒரு தளம் எடுப்பதுதான் வழி. வீண் வேலை என்று தோன்றும், ஆனால் மிச்சப் பலகைகளை அது காப்பாற்றும்.

சதுரத் தீராந்தி எடுக்க விரும்பினால், முதல் தட்டை எடுத்ததும் குற்றியை 90 பாகை திருப்பி, தட்டைப் பக்கத்துக்கு மூலைமட்டம் பிடித்துச் சட்டத்தைப் பூட்டுங்கள். மற்றபடி முறை ஒன்றே.

அரிந்த பலகைகளின் இரண்டு நுனியிலும் அன்றைக்கே மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசி, நிழலில், 18 முதல் 24 அங்குலத்துக்கு ஒன்றாக ஒரே தடிப்பான சலாகைத் துண்டுகளை இடையிட்டு அடுக்குங்கள். துண்டுகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக வரவேண்டும். சட்டங்களைத் துடைத்து, சுவரில் சாய்க்காமல், மூன்று கொளுக்கிகளில் படுக்கைவாக்கில் தொங்கவிடுங்கள். சாய்த்து வைத்த பொக்ஸ் பாரில் ஆராவது ஒரு சைக்கிளைச் சாத்தினாலும் போதும், அடுத்த குற்றிக்கு அது உதவாது.